அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மாணவர் அமைப்புகளின் பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

திருச்சியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் முதுநிலைப் படிப்புக்கு மாணவர் விசாவில் கலிஃபோர்னியா போகிறார். பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டில் மாணவர் அமைப்புகளின் பட்டியலைப் பார்த்து இவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. “ஓரிடத்தில் பிளாக், இன்னோரிடத்தில் ஆஃப்ரிகன், அதுவும் சி எழுத்து வரவேண்டிய இடத்தில் கே போட்டு. லத்தீனோ, லத்தீனெக்ஸ், சிகானோ என்று மூன்று பெயர். நம் ஆட்களைத் தேடினால் ஏபிடா என்று ஏதோ இருக்கிறது. பதினைந்து வருஷம் முன்னால் என் தம்பி அங்கே படித்தபோது இருந்த பெயர்களில் பாதி இப்போது இல்லையாம். ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? என் பெண் இதில் எந்தக் கணக்கில் வருவாள்?”

இதற்கு நிறையப் பேர் சொல்லும் பதில், ‘அதெல்லாம் அங்கே ஒரு ஃபேஷன், யாரும் புண்படக் கூடாது என்று வருஷத்துக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிப்பார்கள்’ என்பது. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அறுபது வருஷக் கதையைப் பார்த்தால், பெரும்பாலான பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது: இடத்துக்காக, பணத்துக்காக, பாடத்திட்டத்துக்காக. அதனால் ஒரு பெயர் மாறியிருந்தால் நான் முதலில் பார்ப்பது, மாற்றியது யார் என்பதைத்தான். மாணவர்களா, கணக்கெடுக்கும் அலுவலகமா, நீதிமன்றமும் சட்டமன்றமுமா? மூன்றுக்கும் மூன்று விதமான காரணங்கள்.

கதை தொடங்கும் இடம் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி. அங்கே கறுப்பின மாணவர்களுக்கு ‘நீக்ரோ மாணவர் சங்கம்’ என்று ஒன்று இருந்தது. 1966இல் அதைக் கலைத்துப் போடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள்: ‘பிளாக் ஸ்டூடன்ட் யூனியன்’. நாட்டில் அந்தப் பெயரோடு எழுந்த முதல் சங்கம் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் ‘பிளாக் பவர்’ (கறுப்பர் அதிகாரம்) என்று முழங்கியிருந்தார். அதுவரை ‘நீக்ரோ’ என்பதுதான் மரியாதையான சொல், ‘பிளாக்’ என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். வசைச் சொல்லாக இருந்ததையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். ‘சங்கம்’ போய் ‘யூனியன்’ வந்ததையும் கவனியுங்கள். கூடிக் கலையும் மன்றம், கோரிக்கை வைக்கும் அமைப்பாக மாறிவிட்டது.

இரண்டே வருஷத்தில் அந்தக் கோரிக்கை வெடித்தது. 1968 நவம்பர் 6ஆம் தேதி வேலைநிறுத்தம். ஆங்கிலம் கற்பித்த ஜார்ஜ் மரே என்பவரை, கறுப்பினத்தவரின் தீவிர அமைப்பான பிளாக் பாந்தர் இயக்கத்தைச் சேர்ந்தவரை, நிர்வாகம் இடைநீக்கம் செய்தது உடனடிக் காரணம். பிளாக் ஸ்டூடன்ட் யூனியனோடு மெக்சிகோ வழி மாணவர்கள், சீன வழி மாணவர்கள், பிலிப்பினோக்கள், ஜப்பானிய வழி மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘மூன்றாம் உலக விடுதலை முன்னணி’ என்று ஒரு கூட்டணி. இன்றைக்கு ‘மூன்றாம் உலகம்’ என்றால் ஏழை நாடு என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அன்று அந்தப் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளைகளில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். காலனி ஆட்சியை உதறிக்கொண்டிருந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு தங்களைச் சேர்த்துச் சொல்லிக்கொண்ட பெயர் அது.

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வேலைநிறுத்தத்தின் நடுவில் கல்லூரிக்குத் தற்காலிகத் தலைவராக வந்தவர் எஸ். ஐ. ஹயாகவா. கனடாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். தொழில்? சொற்பொருளியல் அறிஞர். வார்த்தைகள் மனிதர்களை எப்படி ஆட்டி வைக்கின்றன என்பதுதான் அவருடைய துறையே. 1968 டிசம்பர் 2ஆம் தேதி, மாணவர்கள் ஒலிபெருக்கி கட்டி நிறுத்தியிருந்த வண்டியின் மேல் இந்த மனிதர் குல்லாய் போட்டபடியே ஏறி, ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கி எறிந்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, ஒரே நாளில் பிரபலமானார். பிற்பாடு கலிஃபோர்னியாவின் செனட்டராகி, 1981இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு சொற்பொருளியல் பேராசிரியர் நின்றார் என்பதை நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள். வேலைநிறுத்தம் 1969 மார்ச்சில்தான் முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கிடைத்தது, இனக்குழு ஆய்வுகளுக்கென்று தனியாக ஒரு கல்லூரி. அமெரிக்காவில் அப்படி ஒன்று அதற்கு முன் இல்லை.

‘ஏஷியன் அமெரிக்கன்’ என்ற பெயர் பிறந்ததும் அதே 1968இல், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், பெர்க்லியில். யூஜி இச்சியோக்கா, எம்மா கீ என்ற இரண்டு முதுநிலை மாணவர்கள். அதுவரை அமெரிக்காவில் சீனர்கள் சீனர்கள்தான், ஜப்பானியர்கள் ஜப்பானியர்கள்தான். வெளியார் இவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொன்ன சொல் ‘ஓரியண்டல்’. கம்பளத்துக்கும் பீங்கானுக்கும் சொல்கிற சொல். இந்த இருவரும் ஒரு போர் எதிர்ப்புக் கட்சியின் உறுப்பினர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஆசியக் குடும்பப் பெயர்களைப் பொறுக்கி, ஆட்களைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அப்படி உருவான அமைப்புக்கு ‘ஏஷியன் அமெரிக்கன் பொலிட்டிகல் அலையன்ஸ்’ என்று பெயர். இன்று அரசாங்கப் படிவத்தில் சர்வ சாதாரணமாகக் கிடக்கும் ‘ஏஷியன் அமெரிக்கன்’, முதலில் ஒரு அரசியல் கூட்டணியின் பெயர். தனித்தனியாக இருந்தால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், சேர்ந்து நிற்போம் என்பதுதான் அதன் பொருள். ஒன்றிய அரசின் சட்டங்களிலிருந்து ‘ஓரியண்டல்’, ‘நீக்ரோ’ ஆகிய சொற்களை நீக்கும் மசோதாவில் ஒபாமா கையெழுத்திட்டது எப்போது தெரியுமா? 2016இல். பிரதிநிதிகள் சபையில் ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை. மாணவர்கள் 1968இல் முடித்துவிட்ட விஷயத்துக்குச் சட்டப் புத்தகம் வந்து சேர 48 வருஷம்.

அந்தக் கூட்டணியில் இருந்த பிலிப்பினோ மாணவர்கள் எழுத்திலேயே சண்டை போட்டார்கள். ஃபிலிப்பினோ என்பதில் ‘ஃப’ ஒலி ஸ்பானியர்கள் கொண்டுவந்தது, எங்கள் பழைய மொழிகளில் ‘ப’தான் உண்டு என்று சொல்லி, எழுபதுகளில் பல அமைப்புகள் ‘பிலிப்பினோ’ என்று பி எழுத்திலேயே பெயர் வைத்தன. யூசிஎல்ஏவின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ‘சமாஹாங் பிலிப்பினோ’ இன்றும் அப்படித்தான். ‘ஃப’ இல்லாத மொழிக்காரர்களான நமக்கு இது உடனே புரியும். ஆஃப்ரிகன் என்பதற்கு சி-க்குப் பதில் கே போடுவதும் இதே வகை: ஐரோப்பியர் எழுதிவைத்த எழுத்துக்கூட்டல் எங்களுக்கு வேண்டாம் என்பது. நீங்கள் கையேட்டில் பார்த்தது அச்சுப் பிழை இல்லை.

இனி மெக்சிகோ வழி மாணவர்கள். பெயர் அரசியல் முழுசாகப் பழுத்த மரம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். அறுபதுகளின் பிற்பகுதியில் இவர்களுடைய சங்கங்கள் ‘யுனைட்டட் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டூடன்ட்ஸ்’ போன்ற பவ்யமான பெயர்களில் இருந்தன. 1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி, எல்லாச் சங்கங்களும் ஒரே பெயருக்கு மாற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பெயர் ‘மொவிமியெந்தோ எஸ்துதியாந்தில் சிகானோ தெ ஆஸ்த்லான்’, சுருக்கமாக மெச்சா. ஸ்பானிய மொழியில் ‘மெச்சா’ என்றால் திரி. வெடிக்கு வைக்கிற திரியும்தான். ‘சிகானோ’ என்பது அதற்கு முன் வசதியான மெக்சிகோ வழிக் குடும்பங்களே கூலிக்கார ஏழைகளை இளக்காரமாகச் சொன்ன சொல். ‘ஆஸ்த்லான்’ அஸ்டெக் மக்களின் புராணத் தாயகம். 1848இல் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட தென்மேற்கு நிலம்தான் அது என்று இயக்கம் சொன்னது.

பெயர் ஐம்பது வருஷம் தாங்கியது, ஆனால் அப்படியே இருக்கவில்லை. ஸ்பானியத்தில் ஓ-வில் முடிந்தால் ஆண், ஆ-வில் முடிந்தால் பெண். கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள், போஸ்டர் ஒட்டி சமையலும் செய்த பெண்கள், பெயரில் மட்டும் அவர்கள் இல்லையா என்ற கேள்வி வந்தது. சில கிளைகள் இரண்டு விகுதியையும் சாய்கோடு போட்டு எழுதின. இமெயில் காலம் வந்ததும் ‘அட்’ குறியைப் போட்டார்கள். அதில் ஏ-யும் ஓ-வும் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதுபோலத் தெரியும், படு சாமர்த்தியமான யோசனை. அப்புறம் ஆண், பெண் இரண்டிலும் சேராதவர்கள் எங்கே என்ற கேள்வி. அதற்கு எக்ஸ் வந்தது: சிகானோ சிகானெக்ஸ் ஆனது, லத்தீன் அமெரிக்க வழியினர் எல்லாரையும் சொல்லும் லத்தீனோ லத்தீனெக்ஸ் ஆனது. 2019இல் யூசிஎல்ஏவில் கூடிய தேசிய மாநாட்டில் மெச்சாவின் இளைஞர்கள் ‘சிகானெக்ஸ்’, ‘ஆஸ்த்லான்’ இரண்டையுமே பெயரிலிருந்து நீக்க வாக்களித்தார்கள். அவர்கள் சொன்ன நியாயம் இது: ஆஸ்த்லான் என்று நாம் உரிமை கொண்டாடும் நிலம் வேறு பழங்குடிகளுடையது. சிகானோ என்றால் மெக்சிகோ வழியினர் மட்டும். இன்று எங்களோடு எல் சால்வடார், குவாத்தமாலா குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் இருக்கிறார்கள்.

பழைய ஆட்களுக்கு மனசு விட்டுப்போனது. அடி வாங்கி வாங்கித்தந்த பெயரைப் பேரப்பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்களே என்று. சில கிளைகள் பழைய பெயரையே வைத்துக்கொண்டன. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1969இல் ‘மெக்சிகன் அமெரிக்கன்’ என்ற பெயரைத் தூக்கிப் போட்டபோதும் அன்றைய பெரியவர்கள் இதேபோலத்தான் வருத்தப்பட்டிருப்பார்கள்.

லத்தீனெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வளாகங்களில் பரவிய சொற்களில் வெளியே வேர் பிடிக்காமல் போன ஒன்று இது. பியூ ஆய்வு மையம் 2019இல் கேட்டபோது அமெரிக்க லத்தீனோக்களில் 23 சதவீதம் பேர்தான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள், தங்களுக்குப் பயன்படுத்துகிறோம் என்றவர்கள் 3 சதவீதம். 2023இல் கேள்விப்பட்டவர்கள் 47 சதவீதம், பயன்படுத்துகிறவர்கள் வெறும் 4. ஸ்பானியம் பேசுகிற வாய்க்கு அந்த எக்ஸ் வழுக்குவதே இல்லை. அதனால் இப்போது சில வளாகங்களில் எ-யில் முடிகிற ‘லத்தீனெ’ வருகிறது. ஸ்பானிய வாயில் அது இயல்பாக உட்காருகிறது. பாட்டி வாயில் நுழையாத பெயர் வீட்டுக்குள் நுழையாது.

சரி, மாணவர்கள் வைத்த பெயர்கள் இவை. அலுவலகம் வைத்த பெயர்களின் கதை வேறு மாதிரி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிளாக் ஸ்டூடன்ட் யூனியன் 1968 மே 20ஆம் தேதி பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பலனாக ‘ஸ்பெஷல் எஜுகேஷன் ப்ரோக்ராம்’ என்று ஒரு திட்டம் வந்தது. (இன்று அந்தப் பெயருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி என்று அர்த்தம்.) 1970இல் அது ‘சிறுபான்மையினர் விவகார அலுவலகம்’ ஆனது. பிற்பாடு அதோடு ‘பன்மைத்துவம்’ (டைவர்சிட்டி) என்று ஒரு வாலும் சேர்ந்தது. அமெரிக்காவின் பாதிப் பல்கலைக்கழகங்களில் இதே மாதிரிப் பலகை மாற்றம் நடந்திருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லுக்கு எப்படித் தாவினார்கள்?

நீதிமன்றம்தான் காரணம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. ஆலன் பக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம், இடம் ஒதுக்குவது கூடாது, ஆனால் வகுப்பறையில் பலதரப்பட்ட மாணவர்கள் இருப்பது கல்விக்கு நல்லது என்ற அடிப்படையில் இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்றது. பழைய அநியாயத்துக்குப் பரிகாரம் என்று பேசினால் வழக்கில் தோற்போம், பன்மைத்துவம் என்று பேசினால் தப்பிப்போம் என்று பல்கலைக்கழக வக்கீல்களுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் எல்லா அலுவலகப் பலகையிலும் அந்தச் சொல்தான். நம் ஊரில் ஒதுக்கீடு அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. யார் எஸ்சி, யார் எம்பிசி என்பது அரசாணையில் அச்சாகியிருக்கிறது. அங்கே பட்டியல் போடவே தடை என்பதால் சொற்களைக் கொண்டு சுற்றி வளைத்துப் போக வேண்டியிருந்தது.

‘சிறுபான்மை’ என்ற சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் வந்தது, அதில் நம் ஆட்களும் மாட்டியிருக்கிறோம். மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ‘குறைவான பிரதிநிதித்துவம் உள்ள சிறுபான்மையினர்’ என்று நாலே நாலு குழுக்களைப் பெயர் சொல்லி வைத்திருந்தது: கறுப்பினத்தவர், மெக்சிகோ வழியினர், அமெரிக்கப் பழங்குடியினர், அமெரிக்கப் பெருநிலத்தில் வாழும் புவெர்டோ ரிக்கர்கள். 2003 ஜூனில் பட்டியலை எடுத்துவிட்டு, மக்கள்தொகையில் உள்ள விகிதத்தைவிட மருத்துவத்தில் குறைவாக இருக்கும் எந்தக் குழுவும் என்று மாற்றினார்கள். அதாவது இந்திய வழி மாணவர் அங்கே சிறுபான்மையினர், ஆனால் உதவிக்குரிய சிறுபான்மையினர் அல்லர். அங்கே மருத்துவமனைக்குப் போய் எத்தனை இந்திய டாக்டர்கள் என்று பார்த்தால் ஏன் என்று தெரியும்.

பணமும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் ஹிஸ்பானிக் (லத்தீனோக்களுக்கு அரசாங்கப் படிவத்தில் உள்ள பெயர்) இருந்தால் அந்தக் கல்லூரி ஒன்றிய அரசின் ‘ஹிஸ்பானிக் சேவை நிறுவனம்’ என்ற தகுதிக்கு வரும், மானியம் கேட்கலாம். ஆசிய, பசிபிக் தீவு மாணவர்களுக்கு 2007இல் வந்த சட்டப்படி வரம்பு 10 சதவீதம். மாணவர் அமைப்பு லத்தீனெக்ஸ் என்று போட்டுக்கொள்ளும், அதே கட்டடத்தின் மேல்மாடியில் மானிய விண்ணப்பம் ஹிஸ்பானிக் என்றுதான் போகும். 2025 செப்டம்பரில் கல்வித்துறை இத்தகைய மானியங்களில் ஏறத்தாழ 35 கோடி டாலரை நிறுத்துவதாக அறிவித்தது. பெயருக்கு விலை இருந்தது என்பது அப்போது பலருக்கு உறைத்தது.

இந்தியர்கள் இந்தக் கணக்குக்குள் வந்த விதம் வேடிக்கை. 1920, 1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் நம்மை ‘ஹிந்து’ என்று ஓர் இனமாகவே எழுதினார்கள், முஸ்லிமோ சீக்கியரோ யாராக இருந்தாலும். 1970இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் போட்டார்கள். எழுபதுகளில் இந்தியச் சங்கங்களே மனு கொடுத்து, எங்களையும் சிறுபான்மையாக எண்ணுங்கள் என்று கேட்க, 1980இல் ‘ஏஷியன் இந்தியன்’ என்ற கட்டம் வந்தது. அப்போதே ‘நமக்கு எதற்கு இந்தச் சிறுபான்மைப் பட்டம்’ என்று எதிர்த்த இந்தியர்களும் இருந்தார்கள். ஆக, சீன, ஜப்பானிய மாணவர்கள் 1968இல் கட்டிய வீட்டில் நாம் 1980இல் குடியேறினோம். உள்ளே வந்த பிறகு வாசலில் நம் பெயர் இல்லையே என்ற குறை எழுந்தது. ‘ஏஷியன்’ என்றாலே அமெரிக்கர்கள் மனசில் வருவது கிழக்காசிய முகம். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நீங்கள் கேட்ட ஏபிடா: ஏஷியன், பசிபிக் ஐலண்டர், தேசி அமெரிக்கன் ஆகியவற்றின் முதலெழுத்துகள்.

இதிலும் எல்லாருக்கும் திருப்தி இல்லை. ‘தேசி’ வடக்கத்திய சொல். சென்னைப் பெண்ணோ யாழ்ப்பாணத்துப் பையனோ வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டதே கிடையாது. ‘இந்தியன்’ என்றால் இலங்கைத் தமிழருக்கும் வங்கதேசத்தவருக்கும் ஒட்டாது. ‘சவுத் ஏஷியன்’ கொஞ்சம் பொதுவாக இருக்கிறது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது மாணவர் இயக்கத்தில் பிறந்த சொல் அல்ல; இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரதேச ஆய்வுத் துறைகளில் புழங்கத் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தெற்காசியாவுக்கென்று துறை தொடங்கியது 1948இல். இன்னொரு பக்கம், ஹவாய், சமோவா, டோங்கா மாணவர்கள் இந்தப் பெரிய கூட்டத்தில் எங்கள் பெயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். 1997இலேயே ஒன்றிய அரசு பசிபிக் தீவினரைத் தனிக் கட்டமாகப் பிரித்துவிட்டது. வளாகங்களில்தான் இன்னும் சேர்த்து எழுதுகிறார்கள்.

தெற்காசியர் என்று ஒரே பெயரில் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் தெரியாது என்பதையும் மாணவர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் 23 வளாகங்களுக்கும் 2022 ஜனவரியில் அது வந்தது. ‘சாதியா, அமெரிக்காவிலா?’ என்று அங்குள்ள நிர்வாகிகள் முழித்தார்கள். நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கறுப்பின மாணவர்களுக்கும் இந்த உள் பிரச்சினை உண்டு. 1988இல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் முதலானோர் ‘ஆஃப்ரிகன் அமெரிக்கன்’ என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு பல துறைகளும் சங்கங்களும் அதற்கு மாறின. ஆனால் நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஹைட்டியிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எண்ணிக்கை கூடக் கூட, எல்லாரையும் அடக்கும் சொல்லாக ‘பிளாக்’ திரும்பி வந்தது. கார்னெல்லில் 1969 ஏப்ரலில் மாணவர் மன்றக் கட்டடத்தைக் கைப்பற்றிய அமைப்பின் பெயர் ‘ஆஃப்ரோ அமெரிக்கன் சொசைட்டி’. இன்று அங்கே இருப்பது ‘பிளாக் ஸ்டூடன்ட்ஸ் யுனைட்டட்’. 2017இல் அவர்களே, தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவில் இருந்து அடிமை முறையின் சுமையைச் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகளை இன்னும் அதிகமாகச் சேருங்கள் என்று கோரிக்கை வைத்தார்கள். எல்லாரையும் அணைக்கும் பெயர் ஒரு கையில், யாருக்கு இடம் என்ற கணக்கு மறு கையில்.

இதற்கு நடுவே நம்மவர் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம்: ஸ்டான்ஃபோர்டில் ‘அமெரிக்கன் இந்தியன் ஆர்கனைசேஷன்’ என்று 1970இலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. அது நமக்கானது அல்ல, பழங்குடி மாணவர்களுடையது. அந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கே அப்போது ‘இந்தியன்ஸ்’ என்றுதான் பெயர், கோமாளித்தனமான சின்னத்தோடு. 1972இல் அதை எடுக்க வைத்தவர்கள் இந்த மாணவர்கள்தான். ‘நேட்டிவ் அமெரிக்கன்’, ‘இண்டிஜினஸ்’ என்ற சொற்கள் வந்த பிறகும் ‘அமெரிக்கன் இந்தியன்’ என்ற பெயரை அவர்கள் விடவில்லை. அரசாங்கத்தோடு போட்ட உடன்படிக்கைகளிலும் சட்டங்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது, அதை விட்டால் உரிமையும் போய்விடுமோ என்ற கவலை பலருக்கு.

2023இலிருந்து நடப்பது வேறு. 2023 ஜூன் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதையே நிறுத்தியது. அதே காலத்தில், அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவ அலுவலகங்களைத் தடை செய்யும் மாநிலச் சட்டங்கள் வந்தன. டெக்சஸில் 2024 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டத்தால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பன்மைக் கலாச்சார மையம் மூடப்பட்டது. அதன் கீழ் இயங்கியவற்றில் ‘ஆஃப்ரிகன் அமெரிக்கன் அஃபையர்ஸ்’ உண்டு (கே போட்டதுதான்), ‘லத்தீனெக்ஸ் கம்யூனிட்டி அஃபையர்ஸ்’ உண்டு, ஆசிய, தேசி, பசிபிக் தீவு மாணவர்களின் கூட்டமைப்பும் உண்டு. பன்மைத்துவப் பிரிவின் பெயரை முதலில் ‘வளாக, சமூக ஈடுபாட்டுப் பிரிவு’ என்று மாற்றிப் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் அதையும் மூடி, பலரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அலபாமாவில் பிளாக் ஸ்டூடன்ட் யூனியனின் அறையைப் பூட்டினார்கள். 2025 ஏப்ரலில் ஹார்வர்டும் தன் பன்மைத்துவ அலுவலகத்துக்கு ‘சமூக, வளாக வாழ்க்கை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. ‘வளாகம்’, ‘சமூகம்’ இரண்டையும் எப்படிக் குலுக்கிப் போட்டாலும் யார் மீதும் வழக்கு வராது.

இந்த வகை மாற்றத்தை மிசோரி பல்கலைக்கழகம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை. அங்கே ‘லீஜியன் ஆஃப் பிளாக் காலேஜியன்ஸ்’ 1968இல் தொடங்கியது. கால்பந்துப் போட்டியில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை ஆட்டிப் பாட்டுப் பாடியதை எதிர்த்து எழுந்த அமைப்பு. புதிதாகச் சேரும் கறுப்பின மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ‘வெல்கம் பிளாக் பார்பெக்யூ’ என்று விருந்து வைப்பார்கள். 2024இல் நிர்வாகம் அந்தப் பெயரை மாற்றச் சொன்னது. முடிவில் அச்சான பெயர் ‘வெல்கம் பிளாக் அண்ட் கோல்டு பார்பெக்யூ’. கறுப்பும் தங்கமும் பல்கலைக்கழக விளையாட்டு அணியின் நிறங்கள். ‘பிளாக்’ என்ற சொல்லை யாரும் அடிக்கவில்லை, அது மக்களைக் குறிப்பதை மட்டும் எடுத்துவிட்டு ஜெர்சி நிறமாக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்காக 1966இலிருந்து மாணவர்கள் பட்ட பாட்டை மேலே பார்த்தோம். மாணவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு மாற்றிய பெயர்களில் எனக்குப் பிடிக்காதவை உண்டு, ஆனால் அவை உயிருள்ள பெயர்கள். இதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு. அங்கே தேசிய மாணவர் ஒன்றியத்தில் ‘பிளாக் ஸ்டூடன்ட்ஸ்’ என்ற பிரிவில் ஆப்பிரிக்கர், அரபியர், ஆசியர், கரீபியர் எல்லாரும் அடங்கியிருந்தார்கள். அல்ஜீரிய வம்சாவளியைச் சேர்ந்த மலியா புவாத்தியா அந்தப் பிரிவின் பொறுப்பாளராக இருந்து 2016இல் ஒன்றியத்தின் தலைவரானார். லண்டனில் தமிழ் மாணவரும் அந்தக் கணக்கில் ‘பிளாக்’காக இருந்தார். நியூயார்க்கில் போய் அப்படிச் சொன்னால் விநோதமாகப் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் மகள். மாணவர் விசாவில் போகிறவர் அமெரிக்கக் கல்வித்துறைப் புள்ளிவிவரத்தில் எந்த இனத்திலும் வரமாட்டார். ஆசியர் கணக்கிலும் இல்லை, சிறுபான்மைக் கணக்கிலும் இல்லை. அவருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அண்மைக் காலம் வரை அதன் பெயர் ‘நான்ரெசிடன்ட் ஏலியன்’, இப்போது ‘யூ.எஸ். நான்ரெசிடன்ட்’. பல்கலைக்கழகம் தன் பிரசுரத்தில் ஆசிய மாணவர்கள் இத்தனை சதவீதம் என்று போட்டால் அதில் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் பச்சை அட்டைக்காரர்களும்தான்.

எந்த அமைப்பில் சேரலாம் என்றால், எதிலும் சேரலாம். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற மாணவர் அமைப்புகள் இனத்தைக் காட்டி ஒருவருக்கு உறுப்பினர் இடம் மறுக்கக் கூடாது. பிளாக் ஸ்டூடன்ட் யூனியன் கூட்டத்துக்கு உங்கள் பெண் போய் உட்கார்ந்தாலும் வரவேற்பார்கள். நடைமுறையில், ஏபிடா, தேசி என்று பெயர் உள்ளவற்றில் அமெரிக்காவில் வளர்ந்த இளநிலைப் பிள்ளைகள்தான் அதிகம். நடனக் குழு, அரசியல், அடையாளம் என்று அவர்களுடைய பேச்சு வேறு திசையில் போகும். விமான நிலையத்துக்கு யார் வருவார்கள், அறைத்தோழி எங்கே கிடைப்பாள், பிரஷர் குக்கரை அங்கே வாங்கலாமா என்பதற்கெல்லாம் இந்திய மாணவர் சங்கமோ தமிழ் மாணவர் குழுவோதான் வழி. ஒரு செமஸ்டர் போன பிறகு மற்றவற்றையும் போய்ப் பார்க்கட்டும். எந்தக் குழுவிடம் பேசினாலும் அவர்கள் பலகையில் என்ன போட்டிருக்கிறார்களோ அதையே சொன்னால் போதும். ‘ஓரியண்டல்’, ‘கலர்டு’, ‘நீக்ரோ’ மூன்றும் வாயில் வரவே வேண்டாம். பழங்குடி மாணவரானால் எந்த இனக்குழு என்று கேட்டு நவஹோ, லகோட்டா என்று அதன் பெயரையே சொல்வது அவர்களுக்குப் பிடிக்கும்.